தியரி போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே சில பழைய தொடர்களின் முடிச்சுகள் அவிழ்கின்றன. 'லாஸ்ட்', 'ட்வின் பீக்ஸ்', 'பிரேக்கிங் பேட்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்', 'தி வாக்கிங் டெட்', 'வெஸ்ட்வேர்ல்டு'. இதில் எதையாவது இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே கழன்றுகொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தொடர் பார்க்கிறவர்கள் தியரி போடுவதில் தப்பே இல்லை, பாதி சுவாரசியம் அதில்தான் இருக்கிறது. வாரம் முழுக்க மண்டையைக் குடைந்து, அவன் தம்பியே கிடையாது, அவன்தான் கொலைகாரன் என்று ஒரு முடிவுக்கு வந்து, அடுத்த எபிசோடில் அது தவிடுபொடியாகி, அரைமணி நேரம் கூடத் துக்கம் கொண்டாடாமல் இன்னொரு தியரிக்குத் தாவுவது தனி சுகம். ஆனால் பெரும்பாலான தியரிகள் ஒரு தப்பான நினைப்பின் மேல்தான் எழும்புகின்றன. கதை மொத்தமும் எழுதி முடித்துப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, சாவியை மட்டும் நாம் தேடினால் போதும் என்ற நினைப்பு. ஒரே ஆள் உட்கார்ந்து எழுதிய துப்பறியும் நாவலுக்கு அது சரி. பல சீசன் ஓடும் தொடருக்குப் பல நேரங்களில் சரிப்படாது. ஒருபக்கம் ஒளிபரப்பாகிக்கொண்டே இருக்கும்போது இன்னொருபக்கம் எழுதிக்கொண்டே போவார்கள், அடித்து அடித்துத் திருத்துவார்கள், நடுவில் ஆள் மாறும், பணம் குறையும்.

'ட்வின் பீக்ஸ்' கதையைக் கேளுங்கள். 1990-ல் வந்த தொடர், லாரா பால்மரைக் கொன்றது யார் என்பதுதான் அதன் மையக் கேள்வி. அதில் பாப் என்ற அந்தப் பயங்கர உருவமாக வருகிற ஃபிராங்க் சில்வாவை நடிகராக யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் செட்டில் பொருட்களை அடுக்கி வைக்கும் ஊழியர். லாராவின் அறையில் அவர் சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்தபோது இயக்குநர் டேவிட் லிஞ்சுக்கு ஏதோ பொறி தட்ட, கட்டிலின் கால்பக்கம் அவரைக் குந்த வைத்து ஒரு ஷாட் எடுத்துக்கொண்டார், எதற்கென்று அவருக்கே அப்போது தெரியாது. அப்புறம் லாராவின் அம்மா வீறிட்டு அலறும் காட்சியை எடுக்கிறார்கள். எடுத்து முடித்த பிறகு, பின்னால் இருந்த கண்ணாடியில் யாரோ தெரிகிறார், ஷாட் கெட்டுவிட்டது என்று கேமராக்காரர் சொல்கிறார். யாரென்று பார்த்தால் அதே சில்வா. வேறு இயக்குநராக இருந்தால் இன்னொரு டேக் போயிருப்பார். லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டார், தொடரின் தீமை மொத்தத்துக்கும் அதுவே முகமாகிவிட்டது. ஆக, முதல் எபிசோடிலிருந்தே பாப்பை எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டு நுழைத்திருக்கிறார்கள் பார் என்று சிலாகிப்பவர் சிலாகிப்பது ஒரு விபத்தை. விபத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டதில் லிஞ்சின் கண் இருக்கிறது, அது வேறு பாராட்டு.

'பிரேக்கிங் பேட்' கச்சிதத்துக்குப் பேர்போன தொடர் இல்லையா? அதிலும் இதே கதைதான். நாயகன் வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியை முதல் சீசனோடு தீர்த்துக்கட்டிவிடலாம் என்றுதான் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் முதலில் நினைத்திருந்தார். ஜெஸ்ஸியாக ஆரோன் பால் நடித்ததைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டார். 2012-ல் ஐந்தாவது சீசன் முதல் எபிசோடின் தொடக்கத்தில் வால்டர் ஒரு காரின் டிக்கியில் பெரிய இயந்திரத் துப்பாக்கியைப் பார்ப்பார். அது யாருக்காக என்று ஒரு வருடத்துக்கு மேல் ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள். அந்தக் காட்சியை எழுதியபோது எழுத்தாளர்களுக்கே விடை தெரியாது, வைத்துவிடுவோம், அப்புறம் யோசிப்போம் என்றுதான் வைத்தார்கள். யோசித்து 2013-ல் விடையைக் கண்டுபிடித்தும் விட்டார்கள், அது அவர்கள் சாமர்த்தியம். விடையே இல்லாத நேரத்தில் 2012-ல் அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று யாராவது சவால் விட்டிருந்தால் என்ன சொல்வது!

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, கதைக்கு வெளியே நடப்பதை மறந்துவிடுவது. விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான 'லாஸ்ட்' தொடரில் வால்ட் என்ற சிறுவனுக்கு ஏதோ சக்தி இருப்பதாகக் காட்டினார்கள், அவனைக் கடத்திக்கொண்டு போனார்கள், அவன் எதற்காக முக்கியம் என்று பக்கம் பக்கமாகத் தியரிகள் வந்தன. அப்புறம் பையன் மெல்லக் காணாமல் போனான். கதையில் மாதங்கள் நகர்வதற்குள் நிஜத்தில் வருடங்கள் ஓடிவிட்டன, நடித்த பையன் மளமளவென்று வளர்ந்துவிட்டான், தீவில் அவனை அதே வயதில் காட்ட வழியில்லை. அதே தொடரில் மிஸ்டர் எக்கோ என்ற பாத்திரம் செத்ததற்குக் காரணம், அந்த நடிகர் தாமே விலக விரும்பியது. 2007-ல் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது 'பிரேக்கிங் பேட்' முதல் சீசன் ஒன்பதிலிருந்து ஏழு எபிசோடாகச் சுருங்கியது. ஒரு பாத்திரம் திடீரென்று வெளியூர் போனால், ஒரு சீசன் அவசரமாக முடிந்தால், குறியீட்டைத் தேடுவதற்கு முன் அந்த வருடம் படப்பிடிப்பில் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது. பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்படியானால் எதுவுமே க்ளூ கிடையாதா? அப்படியும் இல்லை. 'பிரேக்கிங் பேட்' இரண்டாம் சீசனில் நான்கு எபிசோடுகளின் பெயரைச் சேர்த்து வாசித்தால், 737 ரக விமானம் ஆல்புகர்க்கி நகரின் மேல் விழுகிறது என்ற செய்தியே கிடைக்கும். வேண்டுமென்றே வைத்தது. அந்த நான்கு எபிசோடுகள் மட்டும்தான் நீச்சல் குளத்தில் மிதக்கும் இளஞ்சிவப்புக் கரடி பொம்மையோடு தொடங்கும், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளையில் இருக்க பொம்மைக்கு மட்டும் நிறம் இருக்கும். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் 2019-ல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனில் டினேரிஸ் என்ற ராணியின் முன்னால் மேசையில் தெரிந்த காபிக் கப். அது படப்பிடிப்பில் யாரோ வைத்துவிட்டு மறந்தது, பிறகு அழித்துவிட்டார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதைக் காட்ட அவர்கள் மெனக்கெட்டிருக்கிறார்களா? கேமரா அதன் அருகே போய் ஒரு நொடி நின்றதா, அது திரும்பத் திரும்ப வருகிறதா, யாராவது அதைப் பற்றிப் பேசுகிறார்களா? குளோசப் என்றால் ஒளியமைப்பை மாற்றி, கேமராவை நகர்த்தி, தனியாக எடுக்க வேண்டும், சும்மா எடுக்க மாட்டார்கள். பின்னால் மங்கலாகத் தெரியும் காலண்டர் தேதியைப் பெரிதாக்கிப் பார்த்து, போன எபிசோடில் வேறு மாதம் இருந்தது, ஆகவே இது இரண்டு காலம் என்று கிளம்பினால், பெரும்பாலும் நீங்கள் பிடித்தது கலை உதவியாளரின் கவனக்குறைவாகத்தான் இருக்கும்.

இருப்பதிலேயே மோசமான தியரி எது தெரியுமா, எதுவும் பொய்யாக்க முடியாத தியரி. எல்லாம் கனவு, எல்லோரும் முன்பே செத்துவிட்டார்கள், நாயகன் கோமாவில் கிடக்கிறான். அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன், 'டல்லஸ்' 1986-ல் ஒரு முழு சீசனையே கனவு என்று சொல்லித் துடைத்தெறிந்தது. ஆனால் கோமா தியரிக்கு எதிராக நீங்கள் எதைக் காட்டினாலும், அதுவும் கோமாவில் வருகிற கனவுதான் என்று பதில் வரும். எல்லாவற்றையும் விளக்குகிற தியரி எந்த எபிசோடைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. 'லாஸ்ட்' 2010 மே 23 அன்று முடிந்தபோது, கடைசியில் பெயர்கள் ஓடும் நேரத்தில் ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவைக் காட்டினார்கள். அதைச் சேர்த்தது சேனல், அடுத்த நிகழ்ச்சிக்கு முன் ஒரு இடைவெளி கொடுக்க. விமானம் விழுந்தபோதே எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று அதை வைத்து முடிவு கட்டியவர்கள் இன்றும் அதையே சொல்கிறார்கள். இத்தனைக்கும் அதே எபிசோடில் நாயகன் ஜாக்கிடம் அவன் அப்பா, உனக்கு நடந்தது எல்லாம் நிஜம், சிலர் உனக்கு முன்னால் போனார்கள், சிலர் உனக்கு ரொம்பப் பின்னால் போனார்கள் என்று வாய்விட்டே சொல்கிறார். வசனத்தைக் கேட்காமல் கடைசிப் படத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இதுதான் கதி.

'ஷெர்லாக்' ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2017 ஜனவரியில் நான்காவது சீசனின் மூன்றாவது எபிசோடு பலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று விட்டுவிடலாம். இவ்வளவு மோசமாக எடுத்திருக்க முடியாது, ஆகவே இது பொய் முடிவு, நிஜமான நான்காவது எபிசோடு ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிபிசியில் வரவிருந்த 'ஆப்பிள் ட்ரீ யார்டு' என்ற சம்பந்தமே இல்லாத தொடர்தான் மாறுவேடம் போட்ட ஷெர்லாக் என்று அடித்துச் சொன்னார்கள். ஞாயிறு வந்தது, 'ஆப்பிள் ட்ரீ யார்டு' ஒளிபரப்பானது, அது 'ஆப்பிள் ட்ரீ யார்டு' ஆகவே இருந்தது. ஏமாற்றத்தைத் தாங்க முடியாமல் பிறக்கிற தியரிக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. இதற்கு நான் சொல்லும் வழி ரொம்பச் சாதாரணமானது: தியரி போட்டதும், எது நடந்தால் இதைக் கைவிடுவேன் என்று அடுத்த எபிசோடு வருவதற்கு முன்பே ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது தியரி கிடையாது, ஆசை.

புரமோவை நம்புவது அடுத்தது. புரமோவில் அம்மா, "அவன் செத்துப் பல வருஷமாச்சு" என்பார், அடுத்த ஷாட்டில் மகளின் அதிர்ந்த முகம், இசை அலறும். எபிசோடில் பார்த்தால் அம்மா சொன்னது பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, மகள் அதிர்ந்தது வேறு காட்சியில், வேறு விஷயத்துக்கு. வசனம் ஒரு இடத்திலிருந்தும் முகம் இன்னொரு இடத்திலிருந்தும் வந்திருக்கும்போது இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். ஒரே ஷாட்டுக்குள் பேச்சும் பதிலும் இருந்தால் மட்டும் நம்பலாம், அதுவும் பாதிதான். நடிகர் பேட்டியும் அப்படியே. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் ஜான் ஸ்னோ செத்த பிறகு நான் திரும்ப வரமாட்டேன் என்று அந்த வேடத்தில் நடித்த கிட் ஹாரிங்டன் சொல்லிக்கொண்டே இருந்தார், 2016-ல் எழுந்து உட்கார்ந்தார். 2015-ல் 'தி வாக்கிங் டெட்' ஒரு படி தாண்டி, கிளென் என்ற பாத்திரம் செத்துவிட்டான் என்று நம்ப வைக்க, அதில் நடித்த ஸ்டீவன் யூனின் பெயரைத் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. சில எபிசோடு கழித்துக் குப்பைத்தொட்டிக்கு அடியிலிருந்து ஆள் வெளியே வந்தார்.

ட்விஸ்டை முன்பே கண்டுபிடித்துவிட்டால் எழுத்து மட்டம் என்று தீர்ப்பு சொல்வதும் எனக்கு ஏற்பில்லை. 2016-ல் 'வெஸ்ட்வேர்ல்டு' முதல் சீசன் ஓடியபோது வில்லியம் என்ற இளைஞனும் கறுப்பு உடைக்காரர் என்று வரும் கிழவரும் ஒரே ஆள்தான், நடப்பது வேறு வேறு காலம் என்று சில வாரங்களிலேயே ரசிகர்கள் சொல்லிவிட்டார்கள். தடயங்களை நேர்மையாக வைத்ததால்தான் அது முடிந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்க்கும்போது யாராவது ஒருவர் சரியாகச் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். யாருமே ஊகிக்கக் கூடாது என்று எழுத்தாளர் கடைசி நேரத்தில் முடிவை மாற்றினால் வருவதுதான் மட்டமான ட்விஸ்ட்.

கசிந்த தகவலைப் படித்துவிட்டு அதைத் தன் தியரி போலச் சொல்கிறவர்களும் உண்டு. அது மற்றவர்கள் சோற்றில் மண் போடுகிற வேலை, அதோடு கசிந்தது நிஜமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1980-ல் 'டல்லஸ்' தொடரின் வில்லன் ஜே.ஆரைச் சுட்டது யார் என்று மார்ச்சிலிருந்து நவம்பர் வரை உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது, விஷயம் வெளியே போகாமல் இருக்க ஒருவர் மாற்றி ஒருவராகப் பல நடிகர்கள் அவரைச் சுடுவது போலத் தனித்தனியாகப் படமாக்கி வைத்திருந்தார்கள். படப்பிடிப்பில் நின்று கண்ணால் பார்த்தவர் சொன்ன தகவல் கூட தப்பாக இருந்திருக்கும்.