டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையைப் பற்றி உருப்படியாக வாதாடுவது எப்படி

வளர்ந்த ஆட்கள் இரண்டு பேர் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பற்றி, அதாவது வண்டியாகவும் வேறு பொருளாகவும் உருமாறும் ரோபோக்களின் கதையைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் ஒருவர் "ஆப்டிமஸ் பிரைம் அப்படிச் செய்கிற ஆளே இல்லை" என்பார், இன்னொருவர் "செய்தாரே, நானே பார்த்தேனே" என்பார். ஆப்டிமஸ் என்பவர் லாரியாக உருமாறும் ரோபோ, நல்லவர்கள் பக்கத் தலைவர். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும். ஒருவர் மனதில் இருப்பது 1984இல் வந்த கார்ட்டூன், இன்னொருவர் மனதில் இருப்பது 2007இல் மைக்கேல் பே எடுத்த படம். நம் ஊரில் பலருக்கு அந்தப் படம்தான் முதல் அறிமுகம் என்பதால் இந்த முட்டல் இங்கே இன்னும் அதிகம். சின்ன வயதில் நேசித்த ஒன்றைப் பற்றி இவ்வளவு அக்கறையாகப் பேசுவது நல்ல விஷயம். அதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய எனக்குத் தெரிந்த வழியை எழுதுகிறேன்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது: இங்கே பொம்மைதான் மூத்தது, கதை பின்னால் வந்தது. ஜப்பானில் டகாரா நிறுவனம் டயாக்ளோன் என்றும் மைக்ரோ சேஞ்ச் என்றும் இரண்டு வரிசைப் பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றைப் பார்த்துவிட்டு, வாங்கி ஒரே பெயரில் விற்கலாம் என்று முடிவு செய்தது. பெயரும் கதையும் வேண்டும் என்று மார்வெல் காமிக்ஸிடம் போனது. அங்கே ஜிம் ஷூட்டர் அடிப்படைக் கதையைப் போட்டார், டென்னிஸ் ஓநீல் ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயரை வைத்தார், பாப் புடியான்ஸ்கி மற்ற பெரும்பாலான பெயர்களையும் ஒவ்வொரு ரோபோவின் குணத்தையும் எழுதினார். ரோபோக்களின் கிரகமான சைபர்ட்ரான், நல்லவர்கள் அணியான ஆட்டோபாட், எதிரணியான டிசெப்டிகான் எதுவுமே அந்தப் பொம்மைகளை வார்த்தவர்களுக்குத் தெரியாது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், ரசிகர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிற பாதிக் கேள்விகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. உதாரணத்துக்கு அளவுப் பிரச்சினை. மாடி உயரத்துக்கு நிற்கும் டிசெப்டிகான் தலைவர் மெகாட்ரான், துப்பாக்கியாக மாறும்போது மட்டும் தன் அணியின் ஸ்டார்ஸ்கிரீம் கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்குவது எப்படி? அதே அணியின் சவுண்ட்வேவ் ஒரு மேசைமேல் வைக்கிற கேசட் பிளேயராக எப்படி ஆகிறார்? டயாக்ளோனில் வந்த ரோபோக்கள் மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டும் பெரிய இயந்திரங்கள். காந்தக் கால் வைத்த குட்டி ஓட்டுநர் பொம்மையும் கூடவே வரும், ஆப்டிமஸும் கார் ஆட்டோபாட்களில் பெரும்பாலோரும் அங்கிருந்து வந்தவர்கள். மைக்ரோ சேஞ்சின் கற்பனை நேர்மாறு, வீட்டில் கிடக்கும் பொருள் அதே அளவில் ரோபோவாக மாறும். துப்பாக்கி, கேசட் பிளேயர், மைக்ராஸ்கோப் எல்லாம் அந்தப் பக்கம். இரண்டு வேறு கற்பனைகளை ஒரே போரில் இறக்கிவிட்டதால் வந்த முரண் இது. "இது கதாசிரியர் கவனக்குறைவு" என்று சொல்கிறவருக்கு இந்தப் பின்னணி தெரிந்தால் அந்த வார்த்தையே வராது.

இதை நேரில் பார்க்க வேண்டுமா, ஆட்டோபாட் மருத்துவர் ராட்செட்டின் முதல் பொம்மையை எடுத்துப் பாருங்கள், படத்திலாவது பாருங்கள். ஆம்புலன்ஸ் வேன் ரோபோவாக விரியும், ஆனால் தலை இருக்காது. முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இருக்கை, அதன்மேல் முகம் மாதிரி ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். டயாக்ளோனில் அது ஓட்டுநர் உட்காரும் இடம். இன்னொரு ஆட்டோபாட் அயர்ன்ஹைடுக்கும் இதே அச்சு, இதே கதை. கார்ட்டூனுக்கு உருவம் வரைந்தவர்கள் இவர்களுக்கு ஒழுங்கான முகம் கொடுத்தார்கள், நாம் நேசித்தது அந்த முகத்தை. பொம்மை எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

விமானமாக மாறும் ஆட்டோபாட் ஜெட்ஃபயரும் அப்படித்தான். அந்தப் பொம்மையின் அச்சு டகாராவுடையதே இல்லை, மேக்ராஸ் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடருக்காக டகடோகு நிறுவனம் செய்த போர் விமானம். உரிமைச் சிக்கலால் கார்ட்டூனில் உருவத்தையும் மாற்றி ஸ்கைஃபயர் என்று பெயரையும் மாற்றினார்கள். ஆகவே ஒரு பாத்திரம் விநோதமாக நடந்துகொண்டாலோ, திடீரென்று காணாமல் போனாலோ, கதைக்குள் காரணம் தேடுவதற்கு முன்னால் பொம்மைக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

அடுத்தது, எந்தக் கதையை வைத்துப் பேசுகிறீர்கள் என்பதை வாயைத் திறந்ததுமே சொல்லிவிடுங்கள். 1984இல் தொடங்கிய முதல் தலைமுறைக் கார்ட்டூனா (ஜி1 என்பார்கள்), மார்வெல் காமிக்ஸா, விலங்குகளாக மாறும் ரோபோக்கள் வந்த பீஸ்ட் வார்ஸ் தொடரா, 2005இலிருந்து 2018 வரை ஓடிய ஐடிடபிள்யூ நிறுவனத்தின் முதல் காமிக்ஸ் தொடர்ச்சியா, படங்களா? எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு ஒரே வரலாறாக ஆக்கப் பார்க்காதீர்கள், ஆகாது. ரோபோக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற அடிப்படைக் கேள்விக்கே ஆரம்பத்திலேயே இரண்டு பதில். 1986 கார்ட்டூன் அத்தியாயங்களின்படி குவின்டெசான் என்ற இனம் தொழிற்சாலையில் விற்பனைக்காகச் செய்தது. காமிக்ஸில் சைமன் ஃபர்மன் எழுதியதன்படி பிரைமஸ் என்ற கடவுள், யூனிக்ரான் என்ற அழிவுசக்தியை எதிர்க்கப் படைத்தது. ஒன்றில் அவர்கள் எஜமானனை எதிர்த்து எழுந்த அடிமைகள், இன்னொன்றில் ஒரு கடவுளின் பிள்ளைகள். பின்னால் வந்தவர்கள் அதிகம் எடுத்துக்கொண்டது பிரைமஸ் கதையைத்தான். எனக்கென்னவோ குவின்டெசான் கதைதான் பிடிக்கும். கடையில் விற்ற பொம்மைக்கு, "உன்னை விற்பதற்காகத்தான் செய்தார்கள், நீ அதை மீறி எழுந்தாய்" என்று ஒரு தோற்றக் கதை எழுதியது பெரிய துணிச்சல்.

சரி, பேசும்போது மூன்று விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ளப் பழகுங்கள்: கதையில் நேரடியாகச் சொன்னது, சொன்னதிலிருந்து நீங்கள் ஊகித்தது, அப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்று நீங்கள் ஆசைப்படுவது. ஆப்டிமஸ் உருமாறும்போது லாரியின் பின்பெட்டி எங்கே போகிறது? கார்ட்டூன் சொல்லவில்லை, அது சும்மா மறைந்துவிடும், தேவைப்படும்போது வந்து நிற்கும். வேறு ஒரு வெளியில் ஒளித்து வைக்கிறார் என்பது ரசிகர்களின் ஊகம். ஊகம் தப்பில்லை, நன்றாகவே யோசித்த ஊகம், ஆனால் அதை எடுத்து இன்னொருவர் தலையில் சட்டமாக அடிக்கக் கூடாது. ஹெட்கேனன் என்று ரசிகர்கள் சொல்வது மூன்றாவது வகை, அதை ஹெட்கேனன் என்று அறிவித்துவிட்டுப் பேசினால் சண்டையே வராது.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். "இது எல்லாமே பொம்மை விற்க எடுத்த விளம்பரம்தானே, இதில் என்ன கதை வேண்டிக்கிடக்கிறது?" என்று யாராவது கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். மறுக்காதீர்கள். அமெரிக்காவில் 1980களில் குழந்தைகள் தொலைக்காட்சி மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள், அதனால்தான் பொம்மையை வைத்தே முழுத் தொடர் எடுக்க முடிந்தது. 1986இல் வந்த திரைப்படத்தில் பழைய பொம்மைகளை ஒதுக்கிப் புதியவற்றுக்கு இடம் செய்யவே பிரைம் உட்பட வரிசையாகப் பாத்திரங்களைச் சாகடித்தார்கள். தியேட்டரில் பிள்ளைகள் அழுதார்கள். எதிர்ப்பு அவ்வளவு பலமாக வந்ததால் 1987இல் பிரைமைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஹாஸ்ப்ரோவின் இன்னொரு பொம்மை வரிசையான ஜி.ஐ.ஜோவின் படத்தில் சாக வேண்டிய நாயகன் டியூக் கோமாவில் இருப்பதாக வசனத்தை மாற்றினார்கள். இதையெல்லாம் நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கணக்குப் பார்த்து எடுத்த அந்த முடிவு ஒரு தலைமுறைக்கு மரணம் என்றால் என்ன என்று முதன்முதலில் காட்டியதையும் சொல்லுங்கள். விற்பனை நோக்கம் இருந்தது உண்மை, அந்தப் பிள்ளைகளின் அழுகையும் உண்மை, ஒன்று இன்னொன்றை ரத்து செய்துவிடாது.

கூடவே, அதிகம் பேர் கேலி செய்கிற இன்னொரு மரணத்தையும் எடுத்து வையுங்கள், என் பார்வையில் இதுதான் வலுவான சாட்சி. மார்வெல் காமிக்ஸின் 24ஆம் இதழில், நேரில் போரிட்டால் சுற்றியுள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால், பிரைமும் மெகாட்ரானும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் மோதிக்கொள்கிறார்கள், தோற்றவர் அழிய வேண்டும் என்பது பந்தயம். பிரைம் ஜெயிக்கிறார். ஆனால் ஜெயித்த விதத்தில் அந்த விளையாட்டுக்குள் இருந்த அப்பாவிக் குடிமக்கள் அழிகிறார்கள், வெறும் கம்ப்யூட்டர் உருவங்கள்தான். நான் ஏமாற்றி ஜெயித்தேன், இது என் தோல்வி என்று சொல்லி, தன்னைத் தகர்க்கும்படி தானே கேட்டுக்கொள்கிறார், தகர்த்தும் விடுகிறார்கள். அசட்டுத்தனம் என்று சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிரைமே இயந்திரம். செயற்கையாகச் செய்த உயிரின் வலி வலியே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டால், தன் இனமே உயிரில்லாதது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். புடியான்ஸ்கி எழுதிய கதைதான் இது, அந்தப் பாத்திரத்தை உள்ளும் புறமும் தெரிந்தவர் எழுதியது.

புடியான்ஸ்கி பற்றி இன்னும் கொஞ்சம். பொம்மைப் பெட்டியின் பின்னால் ஒரு குணக்குறிப்பும் வலிமை, அறிவு, வேகம், துணிச்சல் என்று ஒரு அளவுக்கோட்டுப் படமும் இருக்கும், கூடவே வரும் சிவப்புப் பிளாஸ்டிக் பட்டையை மேலே வைத்தால்தான் அளவுகள் தெரியும். அந்தச் சில வரிகளுக்குள் அவர் ஒளித்து வைத்தது நிறைய. மிராஜ் என்ற ஆட்டோபாட் மேட்டுக்குடி ஆள், இந்தப் போரில் முழு நம்பிக்கை இல்லை, சைபர்ட்ரானில் பணக்கார நண்பர்களோடு வேட்டைக்குப் போன நாட்களை ஏங்குகிறவர். இன்னொரு ஆட்டோபாட் கியர்ஸ் எப்போதும் புலம்புவார், அவரைத் தேற்றுகிற சாக்கில் மற்றவர்கள் உற்சாகமாகட்டும் என்பதற்காகவே புலம்புவார். ஒரு பாத்திரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன் இந்தப் பெட்டிக் குறிப்பைத் தேடிப் படித்துவிடுங்கள், இணையத்தில் ஸ்கேன்கள் கிடைக்கின்றன. பல நேரம் கார்ட்டூனைவிட அதில் ஆழம் அதிகம்.

வளர்ந்தவர்களுக்கு என்றே ஒன்று படிக்க வேண்டும் என்றால் ஐடிடபிள்யூ காமிக்ஸில் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் எழுதியவற்றை எடுங்கள். போருக்கு முந்தைய சைபர்ட்ரானில் ஒருவர் எதுவாக உருமாறுகிறாரோ அதுவே அவர் தொழில், அதுவே அவர் தகுதி, மாற்ற முடியாது என்ற கொள்கை ஆட்சி செய்கிறது. அங்கே மெகாட்ரான் சுரங்கத் தொழிலாளி, அநீதியை எதிர்த்துக் கட்டுரைகள் எழுதுகிறவர். பிறப்பே தொழிலை முடிவு செய்யும் அமைப்பைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம், படிக்கும்போது நேராக நெஞ்சில் வந்து இடிக்கும். அப்புறம் "டிசெப்டிகான் எல்லாம் கெட்டவர்கள்" என்று ஒரே வரியில் முடிக்க உங்களால் முடியாது. அதே சமயம், நியாயமான கோபத்தில் தொடங்கியவர் கொலைகாரராக ஆனதை அந்தக் கதை மன்னிக்கவும் இல்லை, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவர்களிடம் பேசும்போது ஒரு பழைய பாடத்தை மறக்க வேண்டாம். 1996இல் பீஸ்ட் வார்ஸ் வந்து தலைவர் லாரிக்குப் பதில் கொரில்லாவாக மாறியபோது, அன்றைய ரசிகர்கள் "லாரிதான், குரங்கு இல்லை" என்று கொதித்தார்கள், அந்தக் கோஷம் இன்றும் ரசிகர்களிடையே பிடிவாதத்துக்கு எடுத்துக்காட்டு. அதே தொடரில் டைனோபாட் என்ற பாத்திரம் சாகும் அத்தியாயம் இப்போது இந்த மொத்த வரலாற்றிலும் சிறந்தவற்றில் ஒன்று என்று ஜி1 ரசிகர்களே சொல்கிறார்கள். 2007 படத்தில் தொடங்கிய பையனிடம் "நீ பார்த்தது டிரான்ஸ்ஃபார்மர்ஸே இல்லை" என்று சொல்வதும் அதே கோஷம்தான். அவனுக்குப் பிடித்த காட்சி எது என்று கேளுங்கள், அங்கிருந்து பழைய கதைக்கு ஒரு வழி கட்டாயம் இருக்கும். பிரைமின் குரலிலிருந்தே தொடங்கலாம், 1984 கார்ட்டூனிலும் 2007 படத்திலும் பேசியவர் ஒரே பீட்டர் கல்லன்தான்.

பழைய பொம்மையைக் கையில் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1980களின் கடைசியிலும் 90களிலும் தங்க நிறத் துகள் கலந்து வார்த்த பிளாஸ்டிக் காலப்போக்கில் உள்ளுக்குள் நொறுங்கிப்போகும், வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், மூட்டைத் திருப்பினால் கையோடு வந்துவிடும். எந்தெந்தப் பொம்மைகளுக்கு இந்தக் கோளாறு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், வாங்கியிருந்தால் உருமாற்றாமல் அப்படியே வையுங்கள். ஆராயத்தான் வேண்டும் என்றால் டகாராவும் ஹாஸ்ப்ரோவும் வெளியிட்ட மறுபதிப்புகள் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கார்ட்டூனின் முதல் மூன்று அத்தியாயங்களைப் பாருங்கள், உடனே மார்வெல் காமிக்ஸின் முதல் நான்கு இதழ்களைப் படியுங்கள். இரண்டும் 1984இல் தொடங்கியவை, அதே பொம்மைகள், அதே கப்பல் அதே எரிமலையில் மோதுகிறது, ஆனால் கதை வேறு திசையில் போகும். எந்த இடத்தில் பிரிகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை யாராவது "ஆப்டிமஸ் அப்படிச் செய்கிற ஆளே இல்லை" என்றால், "எந்த ஆப்டிமஸ்?" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.