வீடியோவில் திருமணம்: சான்றிதழ் செல்லுபடியாக என்ன செய்ய வேண்டும்

வீடியோ அழைப்பில் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா என்றால், முடியும். அது செல்லுமா என்றால் ஒரே பதில் கிடையாது. ஒரு நாட்டில் முத்திரை குத்திச் சான்றிதழ் தருவார்கள். இன்னொரு நாட்டின் விசா அதிகாரி அதே சான்றிதழைத் திருப்பி அனுப்புவார். அதனால், எங்கே விண்ணப்பிப்பது என்று தேடுவதற்கு முன், அந்தச் சான்றிதழைக் கடைசியில் எந்த அலுவலகத்தில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அந்த அலுவலகம் கேட்பதைத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

இணையத்தில் பழைய தகவல்கள் நிறைய சுற்றுகின்றன. நியூயார்க் மாநிலம் கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், வீடியோ திருமணத்துக்கு அனுமதி கொடுத்தது உண்மை. அது 2021-இல் முடிந்துவிட்டது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மணமக்கள் இருவருமே வராமல் பதிலாட்களை நிறுத்தித் திருமணம் செய்யலாம். ஆனால் இருவரில் ஒருவர் அந்த மாநிலவாசியாகவோ அமெரிக்க ராணுவப் பணியில் இருப்பவராகவோ இருக்க வேண்டும்.

யூட்டா வழி

வெளிநாட்டினருக்கும் திறந்திருக்கும் வழியாகப் பெயர் பெற்றது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள யூட்டா கவுன்ட்டி (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போன்றது). மணமக்கள் அங்கே வசிக்க வேண்டியதில்லை, அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டியதும் இல்லை. திருமணத்தை நடத்தி வைப்பவர் யூட்டாவில் இருப்பதால் திருமணமும் யூட்டாவில் நடந்ததாகக் கொள்வதே இதன் சட்ட அடிப்படை.

முதலில் கவுன்ட்டி கிளார்க்கின் இணையதளத்தில் இருவரும் சேர்ந்து திருமண உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட் நகல், முக அடையாளச் சரிபார்ப்பு, பெற்றோர் பெயர், முந்தைய திருமணம் இருந்தால் அது முடிந்த விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். உரிமம் கிடைத்ததும் 32 நாட்களுக்குள் திருமணம் நடக்க வேண்டும். தவறினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். அன்றைய தினம் மணமக்களும், 18 வயது நிறைந்த இரண்டு சாட்சிகளும் நேரலையில் இருக்க வேண்டும். இருவரும் தங்கள் சம்மதத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இணைப்பு அறுந்து சாட்சியின் முகம் மறைந்தால் அப்படியே தொடராதீர்கள். அவர் திரும்பி வந்ததும் சம்மதத்தை மறுபடி சொல்லிவிடுங்கள், ஒரு நிமிட வேலைதான்.

பிறகு சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று பெயர். இனிஷியல் வைத்து எழுதும் பழக்கம் உள்ளவர்கள் படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் தோன்றியதை நிரப்பிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே, ஒரு எழுத்து மாறாமல், எழுதுங்கள். இன்னொன்று தேதி. சான்றிதழில் வருவது யூட்டா தேதி. அங்கே குளிர்காலத்தில் இந்திய நேரத்தைவிட 12:30 மணி நேரமும், கோடைக்காலத்தில் 11:30 மணி நேரமும் பின்தங்கியிருக்கும். இந்தியாவில் 10-ஆம் தேதி காலை 9 மணி முகூர்த்தம் என்றால் சான்றிதழில் 9-ஆம் தேதி என்றிருக்கும். பின்னால் விசா படிவத்தில் 10 என்று எழுதினால் முரண்பாடு என்று கேள்வி வரும். படிவங்களில் எப்போதும் சான்றிதழ் தேதியையே எழுதுங்கள்.

அமெரிக்க விசாவுக்கு என்றால்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 101(அ)(35) பிரிவைப் படிக்காமல் யாரும் இந்த வழியில் இறங்கக் கூடாது. சடங்கின்போது மணமக்கள் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லையென்றால், அந்தத் திருமணத்தின்படி அவர்கள் கணவன் மனைவி ஆக மாட்டார்கள், பின்னர் தாம்பத்திய உறவு ஏற்பட்டிருந்தால் தவிர என்கிறது அது. யூட்டா சான்றிதழ் கையில் இருப்பதால் இந்த விதி மாறாது. கிரீன் கார்டு மனுவுக்கும், எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்கான எச்-4 விசாவுக்கும் இதே வரையறைதான்.

மணமக்கள் இருவரும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அதிகாரி மட்டும் திரையில் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒருவர் சென்னையிலும் ஒருவர் டல்லாஸிலும் இருந்து செய்தால், அதன் பிறகு நேரில் சந்தித்துச் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். திருமணத்துக்கு முன் சேர்ந்து இருந்தது கணக்கில் வராது. பாஸ்போர்ட் முத்திரை, போர்டிங் பாஸ், இருவர் பெயரிலும் உள்ள ஓட்டல் ரசீது, தேதியுள்ள புகைப்படங்கள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். சந்திப்பதற்கு முன்பே மனுவைப் போடுவதுதான் நிராகரிப்புக்கு நேர் வழி. இருவரில் ஒருவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்து திருமணத்துக்குப் பின் சந்திக்க வழியே இல்லையென்றால், தாம்பத்தியம் ஏற்படாத இத்தகைய ஜோடிக்கு வருங்கால வாழ்க்கைத் துணைக்கான கே-1 விசாவைப் பரிசீலிக்க இடமுண்டு. ஆனால் அதற்கும், மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது பொது விதி.

இந்தியச் சட்டப்படி என்றால்

இங்கே வீடியோ திருமணத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. இருக்கும் கதவு 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அவர் சார்பதிவாளர். 30 நாள் ஆட்சேபக் காலம் முடிந்த பிறகே திருமணம். அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் அது காலாவதி. ஆக, உண்மையில் உங்கள் கையில் இருப்பது சுமார் இரண்டு மாதம். அதற்குள் ஒருவர் வெளிநாடு திரும்ப நேர்ந்தால்தான் வீடியோ பேச்சே வருகிறது.

2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படியொரு வழக்கில் அனுமதி கொடுத்தது. மணமகள் கன்னியாகுமரி மாவட்டத்தில், மணமகன் அமெரிக்காவில். மணமக்கள் விரும்பும் எந்த வடிவிலும் திருமணம் நடத்தலாம் என்கிற 12-ஆம் பிரிவை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் எடுத்துக்காட்டினார். மணமகள் மூன்று சாட்சிகளுடன் சார்பதிவாளர் முன் நேரில் இருக்க, மணமகன் திரையில் வரலாம். மணமகன் கொடுத்த பவர் பத்திரம் இருப்பதால் பதிவேட்டில் அவருக்காகவும் மணமகளே கையெழுத்திடலாம் என்றது உத்தரவு. கேரள உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் போட்ட இடைக்கால உத்தரவும் இதே போக்குதான்: சாட்சிகள் அலுவலர் முன் நேரில் இருந்து, திரையில் இருப்பவரை அடையாளம் காட்ட வேண்டும்.

இதை நம்பி நேரே சார்பதிவாளர் அலுவலகம் போனால் பெரும்பாலும் மறுப்புத்தான் கிடைக்கும். எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மூன்று மாதக் கெடு ஓடிக்கொண்டிருப்பதால், 30-வது நாள் முடியும் முன்பே வழக்கறிஞரிடம் ஆவணங்கள் இருக்க வேண்டும். பவர் பத்திரத்தை வெளிநாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புவது நல்லது. அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

அன்றைய தினம் ஒரு வாசகம் மிக முக்கியம். அலுவலரும் மூன்று சாட்சிகளும் கேட்க, ‘இன்னாரை என் சட்டப்படியான மனைவியாக (கணவராக) ஏற்கிறேன்’ என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சொல்லாவிட்டால் திருமணம் முழுமையாகாது. இருவருக்கும் புரியும் எந்த மொழியிலும் சொல்லலாம். ஹெட்போன் போட்டுக்கொண்டு மணமகள் மட்டும் கேட்டால் போதாது. ஸ்பீக்கரில் அறை முழுதும் கேட்க வேண்டும்.

இந்து திருமணச் சட்டத்தில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. தமிழ்நாட்டுக்கான 7-ஏ பிரிவின் சுயமரியாதைத் திருமணத்தில், உறவினர் நண்பர்கள் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வதோ, மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ ஏதாவது ஒன்று நடந்தால் போதும். மாலையும் மோதிரமும் தாலியும் திரை வழியே நடக்காது. சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் இந்து திருமணத்தை உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே முறையாக நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய மட்டும் வீடியோவில் தோன்றுவது வேறு கதை. டெல்லி உயர் நீதிமன்றம் 2021-இல் அதை ஏற்றது.

யூட்டாவில் முடித்துவிட்டு, பாதுகாப்புக்காக இங்கேயும் ஒன்று என்று நினைப்பவர்கள் கவனிக்க: சிறப்புத் திருமணச் சட்ட அறிவிப்பில் ‘திருமணமாகாதவர்’ என்று எழுதினால் அது பொய்த் தகவல். நடந்த திருமணத்தைப் பதிவு செய்வதற்கு அதே சட்டத்தில் 15-ஆம் பிரிவு இருக்கிறது. இருவருக்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும், மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகள்

ஜெர்மனியில் இருந்தபடியே யூட்டா வழியாக மணந்தவர்களின் திருமணம் அங்கே செல்லாது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. சம்மதம் சொன்ன இடம் ஜெர்மனி, ஆகவே ஜெர்மன் பதிவாளர் முன்தான் நடந்திருக்க வேண்டும் என்பது காரணம். இஸ்ரேல் உச்ச நீதிமன்றமோ 2023 மார்ச்சில் யூட்டா திருமணங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றது. ஒரே சான்றிதழுக்கு நேர் எதிரான இரண்டு முடிவுகள்.

சான்றிதழை வேறு நாட்டில் காட்ட மின்னணுப் பிரதி மட்டும் போதாது. கவுன்ட்டியில் சான்றளித்த தாள் பிரதி வாங்கி, யூட்டா துணை ஆளுநர் அலுவலகத்தில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று) ஒட்டச் சொல்லுங்கள். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் இங்கே அது போதும். ஐக்கிய அரபு அமீரகம் போல உடன்படிக்கையில் சேராத நாட்டுக்கு என்றால், அந்நாட்டுத் தூதரகத்தின் அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) தனியாகத் தேவை. அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், இரண்டு மூன்று பிரதிகளை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.