வீட்டுக் கணினியில் நிர்வாகி அனுமதி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

புதிய விண்டோஸ் கணினியை முதன்முதலில் இயக்கும்போது நாம் உருவாக்கும் கணக்கு, நாம் கேட்காமலேயே நிர்வாகிக் கணக்காக, அதாவது கணினி முழுவதற்குமான அமைப்புகளை மாற்றும் உரிமையுள்ள கணக்காக, அமைந்துவிடுகிறது. பல வீடுகளில் அந்த ஒரே கணக்கில்தான் எல்லா வேலைகளும் நடக்கின்றன. அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கும், மென்பொருள் நிறுவத் தனி நிர்வாகிக் கணக்கும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. விண்டோஸ் 11-இல் அதைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

சாதாரணக் கணக்கு தன் சொந்தக் கோப்புறைக்குள் எதையும் எழுதலாம், அழிக்கலாம். ஆனால் 'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' போன்ற கோப்புறைகளிலும், எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான அமைப்புகளிலும் கைவைக்க முடியாது. 2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா பதிப்பு தொடங்கி, நிர்வாகியாக உள்நுழைந்தாலும் நாம் திறக்கும் நிரல்கள் சாதாரண உரிமையுடனேயே இயங்குகின்றன. கூடுதல் உரிமை தேவைப்படும்போது திரை மங்கி, அனுமதி கேட்கும் பெட்டி தோன்றுகிறது. வேறொரு நிரல் நமக்குப் பதிலாக 'யெஸ்' பொத்தானை அழுத்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெட்டி தனித் திரையில் காட்டப்படுகிறது.

நிர்வாகிக் கணக்கில் அப்பெட்டிக்கு ஒரு சொடுக்கே போதும். நாளடைவில் படிக்காமலேயே கை அதை அழுத்தப் பழகிவிடும். சாதாரணக் கணக்கிலோ நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும் என்பதால், ஒரு கணம் நின்று யோசிக்க வாய்ப்புக் கிடைக்கிறது.

இனிச் செய்முறை. வரிசை மாறக் கூடாது.

1. 'செட்டிங்ஸ்' திறந்து, 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் 'அதர் யூசர்ஸ்' என்பதற்குச் சென்று புதிய கணக்கொன்றைச் சேர்த்து, வலுவான கடவுச்சொல் இடுங்கள்.

2. புதிய கணக்கு சாதாரணக் கணக்காகவே உருவாகும். அதன் பெயரைச் சொடுக்கி, 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' வழியாக 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று மாற்றுங்கள்.

3. பழைய கணக்கிலிருந்து வெளியேறி, புதிய கணக்கில் உள்நுழைந்து பாருங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். இந்தக் கடவுச்சொல் தவறாகப் பதிந்திருப்பது பிறகு தெரியவந்தால், மென்பொருள் நிறுவவோ அமைப்புகளை மாற்றவோ வழியின்றித் திண்டாட நேரிடும்.

4. புதிய கணக்கில் இருந்தபடியே பழைய கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக்குங்கள். உங்கள் கோப்புகளும் படங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதன்பின் அனுமதிப் பெட்டி வரும்போதெல்லாம், அதிலுள்ள நிரலின் பெயரையும் வெளியீட்டாளர் பெயரையும் படியுங்கள். வெளியீட்டாளர் யாரென்று சரிபார்க்க முடியாத நிரலுக்குப் பெட்டியின் மேற்பகுதி மஞ்சளாக இருக்கும். நீங்கள் எதையும் நிறுவாத நேரத்தில் பெட்டி வந்தால் தயங்காமல் 'நோ' அழுத்துங்கள். உண்மையிலேயே தேவையான நிரலாக இருந்தால் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். ஒரு நிரல் சரியாக ஓடவில்லை என்றதும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' (நிர்வாகி உரிமையுடன் இயக்கு) கொடுத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது.

பெட்டி வரவில்லை என்பதாலேயே ஒரு நிரல் நல்லது என்று கொள்ள வேண்டாம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு, உங்கள் கோப்புறையில் உள்ளவற்றைப் பாழாக்க நிர்வாகி அனுமதியே தேவையில்லை; நீங்கள் எழுதக்கூடிய இடத்தில், உங்கள் கணக்கில் இயங்கும் நிரலும் எழுதும். ஆகவே முக்கியமான கோப்புகளை வெளிப்புற வட்டு ஒன்றில் நகலெடுத்து, வேலை முடிந்ததும் அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.