விருந்துக்கு முன்பே காக்டெய்லில் தண்ணீரைக் கலந்துவிடுங்கள்

வீட்டில் பத்துப் பேருக்குக் காக்டெய்ல் விருந்து என்றால், கோப்பை கோப்பையாகக் கலக்காதீர்கள். காலையிலேயே மொத்தமாகக் கலந்து, கலவையின் அளவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குளிர்ந்த குடிநீரையும் சேர்த்து, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். 600 மில்லி ஜின், 300 மில்லி வெர்மூத் (மூலிகை மணமூட்டிய ஒயின்) என்றால் தண்ணீர் 200 முதல் 225 மில்லி வரை. மாலையில் ஊற்றிக் கொடுப்பது மட்டுமே வேலை.

தண்ணீரா என்று தயங்க வேண்டாம். ஐஸோடு கலக்கும்போது பானம் குளிர்வதோடு, ஐஸ் உருகி ஏறக்குறைய இதே அளவு நீர் அதில் சேரவும் செய்கிறது. அந்த நீர்தான் மதுவின் காரத்தைத் தணித்து மணத்தை வெளிக்கொண்டுவருகிறது. அதை விட்டுவிட்டு வெறுமனே குளிரவைத்தால் முதல் மடக்கிலேயே தொண்டை எரியும். இப்படி முன்பே கலந்துவைத்தால் ஐஸ் செலவும் வெகுவாகக் குறையும். எனக்கு இதைவிடப் பெரிய லாபம், விருந்தினர்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது.

எலுமிச்சைச் சாறு சேரும் பானங்களுக்கு இது அப்படியே பொருந்தாது. சாறு சில மணி நேரத்தில் புத்துணர்வை இழந்துவிடும்; அதை விருந்துக்குச் சற்று முன்பு பிழிந்து சேர்த்துக்கொள்ளுங்கள். சோடாவைக் கோப்பையில்தான் ஊற்ற வேண்டும். முட்டை வெண்கரு சேர்ப்பவற்றைப் பரிமாறும் நேரத்தில் குலுக்கித்தான் ஆக வேண்டும். கோப்பையில் ஐஸ் போட்டுப் பரிமாறுவதாக இருந்தால் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நிரம்பிய கண்ணாடி பாட்டிலை ஃபிரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்தால் வெடித்துவிடும்.