றம்பொடை இறக்கத்தில் பிரேக்கை நம்பாதீர்கள்

மலைக்கு ஏறும்போது எல்லோரும் கவனமாகத்தான் ஓட்டுகிறார்கள். இரண்டு இரவு கூடாரத்தில் படுத்துவிட்டுத் திரும்பும் காலையில்தான் "இனி இறக்கம்தானே" என்ற நினைப்பு வருகிறது. இலங்கை மலையகப் பாதைகளில் நான் கண்ட கோளாறுகளில் பாதி அந்தத் "தானே"யில் தொடங்கியவை.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வந்து சேர்வதற்குள் 1,300 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுவீர்கள். வழி நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அவ்வளவு உயரமும் சூடாக மாறி பிரேக்கில்தான் போய்ச் சேரும். பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டினால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஒரு முறை மச்சானின் வான் வண்டியில் வந்தபோது முதலில் வந்தது கருகல் வாசம்தான். எங்கோ குப்பை எரிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே இன்னும் நாலு முடக்கு இறங்கினோம்! அந்த வாசம் வந்தால் உடனே ஓரங்கட்டி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம், சூடான டிஸ்க் விரிசல் விடலாம்.

ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது பழைய லொறிக்காரர்களின் கணக்கு. ஓட்டோ கியர் என்றால் 'எல்' அல்லது '2'. அக்வா, ப்ரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு 'பி' என்று ஒன்று இருக்கிறது. அது இந்த மாதிரி இறக்கத்துக்கே வைத்தது, ஆனால் பலர் அதைத் தொட்டதே இல்லை. பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதோ இன்னும் மோசம். இன்றைய வண்டிகள் கியரில் இறங்கும்போது பெற்றோலை நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் இஞ்சினை ஓடவைக்கக் குடிக்கும்.

அடுத்தது, தொலைபேசி காட்டும் குறுக்கு வழி. நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதி வரைபடத்தில் கிட்டத்தான். 2023 ஜனவரியில் அங்கே நடந்த விபத்துக்குப் பிறகு பெரிய வாகனங்களுக்குத் தடை போட்டார்கள். எதில் வந்தாலும் பழக்கமில்லாதவர்கள் பிரதான வீதியிலேயே போவது நல்லது. கண்டியிலிருந்து நுவரெலியா எழுபத்தேழு கிலோமீற்றர்தான், ஆனாலும் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பின்னேரம் பனிமூட்டம் இறங்குவதற்குள் போய்ச் சேருவது முக்கியம். மூட்டத்தில் பெரிய வெளிச்சம் போட்டால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஹெட்லைட்டை டிம்மில் போட்டால் போதும்.

மலைநாடு முழுவதற்கும் ஒரே மழைக்காலம் என்று நினைப்பதும் தவறு. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், றம்பொடைப் பக்கம் நனையும். அதே நாட்களில் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், ஹப்புத்தளை முகட்டில் காற்று கூடாரத்தைத் தூக்கும். காய்ந்த மானாப் புல்லில் ஒரு நெருப்புப் பொறி விழுந்தால் மலையே எரியும். ஒக்டோபர் பிறந்தால் ஊவாவுக்கு மழை. 2014 ஒக்டோபர் 29 காலையில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தயில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. நீங்கள் போகும் பிரதேசத்தின் பெயர் அதில் இருந்தால் கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். போன இடத்தில் ஓடைத்தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சரிவில் புதிதாக ஊற்று கிளம்பினாலோ, சாமான்களைப் பார்க்காமல் நகருங்கள்.

தேயிலை மலையில் இடம் பிடிப்பதென்றால் முதலில் தோட்டத்து ஆபீசில் கேளுங்கள். அப்புறம் அங்கே கொழுந்து பறிப்பவர்களிடம் குளவிக்கூடு எங்கே என்று கேளுங்கள். மலையில் எந்த மரத்தில் கூடு தொங்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும், கொட்டு வாங்குவதும் அவர்கள்தான். நீங்கள் கூட்டுக்குக் கீழே நெருப்பு மூட்டி ஸ்பீக்கரையும் அலறவிட்டுப் போனால், மறுநாள் காலையில் அந்த மலைக்குக் கொழுந்துக்கு வரும் அக்காமார்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் தங்க வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். பொலித்தீனை வாசலிலேயே சோதித்து எடுத்துவிடுவார்கள். மரை கிட்டே வந்து நின்றால் பாணைக் கொடுக்காதீர்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் அங்கே புல்லில் உறைபனி படியும். குளிர் தாங்காமல் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுப்பதுதான் இருப்பதிலேயே கொடிய தவறு. கரிப்புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, இருமல் வராது, தலைவலியும் தூக்கமும்தான் வரும். தணல் அணைந்த மாதிரித் தெரிந்தாலும் அடுப்பு வெளியேதான் இருக்க வேண்டும். படுக்கைக்குக் கீழே தடித்த பாய் ஒன்று கூடுதலாக விரியுங்கள், குளிர் மேலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்துதான் அதிகம் ஏறும்.

சோற்றுக்கும் ஒரு வார்த்தை. அந்த உயரத்தில் தண்ணீர் 93, 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் அரிசி வேக வெகுநேரம் எடுக்கும், கேஸும் தீரும். மூடி கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் ரொட்டி சுட்டுக்கொள்ளுங்கள்.