பழைய மில்லிங் மெஷினில் நான் பார்க்கத் தவறியவை

அம்பத்தூரில் முதல் மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மெஷின்) வாங்கியபோது மூன்றே விஷயம் பார்த்தேன். பெயின்ட் புதுசு, ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) சத்தமில்லை, டேபிள் கைப்பிடி லேசாகச் சுற்றியது. மூன்றிலும் ஏமாந்தேன்.

கைப்பிடி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜாப்பை, அதாவது வெட்ட வேண்டிய பாகத்தை, பெரும்பாலும் டேபிளின் நடுவில்தான் கட்டுவோம், தேய்மானமும் அங்கேதான். நடுவில் ஆட்டம் போக ஜிப்பை (gib, ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) இறுக்கினால், டேபிள் ஓரத்துக்குப் போகும்போது பிடிக்கும். விற்றவர் ஜிப்பைத் தளர்த்தி வைத்திருந்தார். வெண்ணெய் மாதிரி ஓடியது, நானும் மயங்கிவிட்டேன். டேபிளை நடுவில் நிறுத்தி, ஜிப்பை நீங்களே இறுக்கி, இரண்டு ஓரத்துக்கும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மேக்னெட் ஸ்டாண்டை மெஷின் பாடியில் ஒட்டி, லீவர் டயலை (நுண்ணிய அசைவைக் காட்டும் முள் கருவி) டேபிள் விளிம்பில் வைத்து, டேபிளின் கோடியைப் பிடித்துத் தள்ளி இழுங்கள். முள் ஆடுவது அத்தனையும் பிறகு ஜாப்பில் தெரியும். டேபிள் ஓடும் ஸ்லைடு தேய்ந்திருந்தால் கிரைண்டிங், ஸ்கிரேப்பிங் (கையால் சுரண்டிச் சமன் செய்வது) என்று போக வேண்டும். சின்னப் பட்டறைக்குக் கட்டாது.

இதற்கு நேர்மாறான தவறு, பேக்லாஷை, அதாவது டேபிள் நகராமல் கைப்பிடி மட்டும் சும்மா சுற்றுவதை, பார்த்துப் பயந்து நல்ல மெஷினை விட்டுவிடுவது. டேபிளை நகர்த்தும் 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு) ஸ்குரூவில் கைப்பிடி கால் சுற்று சும்மா சுற்றினால் 1.25 மி.மீ. பிளே. கேட்கப் பயமாக இருந்தாலும், பெரும்பாலும் அந்த ஸ்குரூ ஓடும் கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டை மாற்றினால் சரியாகிவிடும். நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு என்றால் மட்டும் ஸ்குரூவே தேய்ந்திருக்கிறது. டேபிளில் ட்ரில் விழுந்த குழிகளும் அப்படித்தான், அசிங்கமே தவிர ஆபத்தில்லை.

"இப்ப கரன்ட் இல்ல சார், கண்டிஷன் சூப்பர்" என்றால் கரன்ட் இருக்கும் நாளில் போங்கள். ஆறிய ஸ்பிண்டில் இரண்டு நிமிடம் அமைதியாகத்தான் ஓடும். டாப் ஸ்பீடில் அரை மணி நேரம் ஓட்டி, பேரிங் இருக்கும் இடத்தில் கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் சந்தேகப்படுங்கள். நிறுத்திய பின் டேப்பருக்குள் (ஸ்பிண்டிலில் கட்டரைப் பிடிக்கும் கூம்புத் துளை) விரலை விட்டுத் தடவினால் கீறல் தெரியும்.

சென்னையில் கட்டாயம் கேட்க வேண்டியது, "2015 வெள்ளத்துல, மிக்ஜாம் புயல்ல மெஷின் எங்க சார் நின்னுச்சு?" ஈக்காட்டுத்தாங்கலும் அம்பத்தூர் எஸ்டேட்டும் தண்ணீரில் நின்றதை நாம் பார்த்தோமே. வெளியே பெயின்ட் அடிப்பவர்கள் கரன்ட் பேனலுக்குள் அடிப்பதில்லை. கதவைத் திறந்தால் சேற்றுக்கோடு இருக்கும். டேபிளைத் தாங்கும் பகுதியை ஏற்றி இறக்கும் "நீ" (knee) ஸ்குரூவின் அடிப்பகுதியில் டார்ச் அடித்துத் துருவைத் தேடுங்கள். கியர்பாக்ஸ் டிரெய்ன் பிளக்கை (ஆயிலை வடிக்கும் அடி மூடி), மெஷினை ஓட்டுவதற்கு முன்பே லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன் அதுதான் சொட்டும். பிளக்கைத் தொடவே விடாதவரிடம் அட்வான்ஸ் பேச்சை எடுக்காதீர்கள்.