ஊசி உடைந்தால் மறைக்காத லைன்: ஷூ கம்பெனியில் நல்ல பணிச்சூழலை உருவாக்குவது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஜாப் ஒர்க் எடுத்து அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் கம்பெனிகளில் சுவரெல்லாம் பொன்மொழி தொங்கும். ஆயுத பூஜைக்குப் பொரியும் உண்டு. தவறில்லை. ஆனால் பணிச்சூழல் எப்படி என்பது தையல் மிஷினில் ஊசி உடையும்போதுதான் தெரியும்.

உடைந்த துண்டு அப்பருக்குள் தங்கினால் ஏற்றுமதிச் சரக்கு மெட்டல் டிடெக்டரில் மாட்டும். அப்புறம் பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தேட வேண்டியதுதான். திட்டு விழும் என்று பயந்தால் தைக்கிறவர் வாயே திறக்க மாட்டார். அதனால் லைனுக்கு, அதாவது வரிசையாக உட்கார்ந்து தைக்கும் ஒவ்வொரு குழுவுக்கும், ஒரு ஊசி நோட்டு போடுங்கள். ஊசி உடைந்ததும் மிஷினை நிறுத்தி, எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மிஷின் எண் எழுதிய பிறகே புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லையா, அந்த மிஷினில் இருந்த பீஸ்களைத் தனிக் கூடையில் ஒதுக்குங்கள். காரணம் கேட்கலாம், காசு பிடிக்கக் கூடாது. மாதம் முழுக்க நோட்டு காலியாக இருந்தால் சந்தோஷப்படாமல், ஸ்டோரிலிருந்து எத்தனை ஊசி போனது என்று பாருங்கள்.

தோலில் போட்ட தையலைப் பிரித்தாலும் ஊசித் துளை அப்படியே நிற்கும். ஸ்கைவிங் (தைக்கும் ஓரத்தில் தோலைச் சீவி மெலிதாக்குவது) தடிப்பாக வந்ததைத் தைக்கும் முன்பே ஒருவர் சொன்னால் அந்த பீஸ் பிழைக்கும். அப்படிச் சொல்ல வருபவரிடம் சூப்பர்வைசர் கேட்கும் முதல் வார்த்தை "எங்கம்மா, காட்டு" என்று இருக்க வேண்டும். "யார் பண்ணது?" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

காலையில் லைன் ஓடும் முன் 10 நிமிடம், சம்பள நேரத்திலேயே, நேற்றைய ரிஜெக்ட் பீஸை மேஜையில் வைத்துப் பேசுங்கள். பேர் சொல்லாதீர்கள். டார்கெட்டை மட்டும் கத்திவிட்டு முடிக்கும் கூட்டத்தை நடத்தாமலே இருக்கலாம்.

பணத்தில் ஏமாற்றிக்கொண்டு பண்பாடு பேச முடியாது. சம்பளம் 7ஆம் தேதிக்குள், ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி, போனஸ் குறைந்தது 8.33 சதவீதம். கம்பெனி பஸ் தாமதமாக வந்த நாளில் அரை நாள் பிடிக்காதீர்கள். டார்கெட் பணத்தை எண்ணிக்கைக்கு மட்டும் கொடுத்தால் கோளாறு பீஸ்கள் கட்டுக்கு அடியில் போகும். செக்கிங்கில் பாஸான பீஸுக்கு, லைன் மொத்தத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

வேகமாகத் தைப்பவரையே சூப்பர்வைசர் ஆக்குவது இங்கே வழக்கம். கை வேகம் வேறு, ஆளை நடத்துவது வேறு. இரண்டு வாரமாவது அனுபவசாலி ஒருவருடன் நிறுத்திப் பழக்குங்கள்.

பெண்கள்தான் பெரும்பாலும் தைக்கிறார்கள். 10 பேர் வேலை செய்தாலே பாலியல் தொல்லைப் புகாருக்கு உள் கமிட்டி கட்டாயம்: தலைமை மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். முதலாளியின் மச்சானைப் போட்டால் புகாரே வராது. உறுப்பினர் பெயர்களைப் பஞ்சிங் மிஷின் பக்கத்தில் தமிழில் ஒட்டுங்கள்.

வேலையை விட்டு நின்றவர்களை மாதாமாதம் லைன்வாரியாக எழுதுங்கள். சேர்ந்த 30 நாளுக்குள் நின்றவர்களைத் தனியாக. பக்கத்துக் கம்பெனியில் கூலி கூடினால் எல்லா லைனிலும் ஆள் குறையும். ஒரே லைனில் குறைந்தால் சம்பளத்தை ஏற்றும் முன் அந்த சூப்பர்வைசரைக் கவனியுங்கள்.